ஏறுங் கடலும் வழிவிடும் அறமும்

கடல் நிலத்தை விழுங்கிய கதைகள் தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் புதியன அல்ல. மைந்தனை இழந்த துயரிலே சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறும். களனியை ஆண்ட திஸ்ஸ மன்னன் குற்றமற்ற துறவி ஒருவரைக் கொல்வித்தமையால் கடல் பொங்கி நாட்டினுட் புகுந்தது என்றும், அதன் சினந் தணிய அவன் மகள் தோணியில் ஏற்றிக் கடலில் விடப்பட்டாள் என்றும் மகாவம்சம் கூறும். இவ்விரு நூல்களும் இருவேறு மொழியின. இருவேறு மக்களின் நினைவைச் சுமப்பன. ஆயினும் இரண்டிலும் ஓடுவது ஒரே எண்ணமாகும். கடல் காரணமின்றி ஏறுவதில்லை. மனிதன் செய்த பிழையே அதனை ஏறச் செய்கின்றது என்பதே அவ்வெண்ணம்.

பிற்காலத்தவராகிய நாம் இவற்றைப் புராணம் என்று ஒதுக்கி வைத்தோம். கடலுக்குச் சினம் என ஒன்றில்லை என்று கல்விக்கூடங்களிற் பயின்றோம். ஆனால் இன்று விஞ்ஞானமே அப்பழைய எண்ணத்தை வேறொரு வடிவில் எம்மிடம் மீட்டுத் தந்திருக்கின்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதர் வளிமண்டலத்திற் சேர்த்த காபனீரொட்சைட்டு புவியை வெப்பமாக்குகின்றது. வெப்பமுற்ற கடல்நீர் விரிகின்றது. கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் உயர்மலைகளிலும் உறைந்து கிடந்த பனிக்கட்டி உருகிக் கடலைச் சேர்கின்றது. ஆகவே மனிதச் செயலே கடலை ஏற்றுகின்றது என்பது இன்று கதையன்று. எனினும் பழங்கதைக்கும் இன்றைய நிலைக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. பழங்கதையிலே பிழை செய்த மன்னனின் நகரே மூழ்கியது. அவன் மகளே கடலில் விடப்பட்டாள். இன்றோ பிழை செய்தவர் ஓரிடத்திலும் மூழ்குபவர் வேறோரிடத்திலும் உள்ளனர். மூழ்குவோருள், பிழை இன்னதென்றே அறியாத நண்டும் நாரையும் கண்டல் மரமும் அடங்கும். இவ்வேறுபாட்டிலிருந்தே எமது காலத்தின் அறவினா பிறக்கின்றது.

கரையோரச் சதுப்பு நிலங்களுக்கும் அங்கு வாழும் உயிர்களுக்கும் நாம் கடன்பட்டுள்ளோமா? ஆம் எனின் அக்கடன் யாது? கடலை நாளும் காணாது, மலைகள் சூழ்ந்த பல்லேகலயில் வாழும் எம்மைப் போன்றவர்க்கும் அக்கடனிற் பங்குண்டா? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உண்மைகளை வரையறுத்துக் கொள்வது நன்று. காலநிலை மாற்றம் பற்றி ஆராயும் அரசுகளுக்கிடையிலான குழு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரையான காலத்தில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. அஃதாவது ஏறத்தாழ ஒரு சாண். இவ்வளவுதானா என்று வியப்போர், உயர்வின் வேகத்தையும் நோக்க வேண்டும். 1901 முதல் 1971 வரை ஆண்டொன்றுக்கு 1.3 மில்லிமீற்றராக இருந்த உயர்வு, 2006 முதல் 2018 வரையான காலத்தில் ஆண்டொன்றுக்கு 3.7 மில்லிமீற்றர் ஆயிற்று. இந்நூற்றாண்டின் முடிவில், வாயு வெளியேற்றம் மிகக் குறைக்கப்படின் 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரையும், மிக உயர்ந்த நிலையில் தொடரின் 63 முதல் 101 சென்ரிமீற்றர் வரையும் கடல் உயரக்கூடும் என அவ்வறிக்கை மதிப்பிடுகின்றது.

இலங்கையின் கரையோரத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. கண்டல் மரங்கள் பெரும்பாலும் வாழ்வது, பெருக்கின்போது நனைந்து வற்றின்போது வெளிப்படும் ஒடுங்கிய பட்டியிலேயாகும். எனவே, மாடி வீட்டில் வாழ்வோனுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாத ஒரு சாண் உயர்வு கண்டலுக்கு அதன் உலகின் பெரும்பகுதியாகிவிடுகின்றது. மன்னாரின் வங்காலைப் பறவைகள் சரணாலயத்துக்கு மாரிதோறும் வலசை வரும் உள்ளான்களின் நிலையும் இத்தகையதே. நீர் வற்றிய சேற்றிலே அலகைச் செருகிப் புழுவையும் சிறு சிப்பியையும் தேடி உண்டு, திரும்பிப் பறப்பதற்கு வேண்டிய கொழுப்பை அவை உடலிற் சேர்க்கின்றன. சேறு நாளுக்குச் சில மணிநேரம் குறைவாக வெளிப்பட்டால் உணவும் அவ்வளவு குறைகின்றது. சேறு முற்றாக மூழ்கின் அவ்வாண்டின் பயணமே ஐயத்துக்குரியதாகின்றது. கரைமணலில் முட்டையிடும் கடலாமைகளுக்கோ, முட்டைக்குழியினுள் கடல்நீர் புகுவதே குஞ்சுகளின் இறப்பாக முடியும்.

இவ்விடத்து, சதுப்பு நிலத்தின் இயல்பொன்று மனங்கொள்ளத்தக்கது. அது பாறையைப்போல ஓரிடத்தில் நிற்கும் பொருளன்று, நகரும் இயல்புடையது. கடல் மெல்ல ஏறும்போது கண்டலும் ஏறுகின்றது. அதன் வேர்கள் நீரிலே மிதந்துவரும் வண்டலைத் தடுத்துப் படியச் செய்கின்றன, வேரும் இலையும் மக்கிச் சேறாகின்றன, தளம் உயர்கின்றது. அதற்கும் மேலாகக் கடல் வந்தால், விழுந்த கன்றுகள் நிலப்பக்கமாக முளைத்து, காடு தலைமுறை தலைமுறையாகப் பின்வாங்குகின்றது. முன்னால் உள்ள மரம் மடியும்; பின்னால் உள்ள மரம் தழைக்கும்; காடு நிலைக்கும். கடலோடு போரிடாது, கடலுக்கு அஞ்சி அழியாது, இடம் மாறி வாழும் இக்கலையைச் சதுப்பு நிலம் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயின்றுள்ளது.

ஆனால் இக்கலை பலிப்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கடலேற்றம் ஓர் அளவுக்கு மேல் விரையக்கூடாது. ஆற்றின் வழியே வண்டல் வந்து சேரவேண்டும். பின்வாங்குவதற்கு வெற்றுநிலம் இருத்தல் வேண்டும். கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் கண்டற் காடுகள் கடலேற்றத்துக்கு எவ்வாறு ஈடுகொடுத்தன என்பதை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஏற்றம் ஆண்டொன்றுக்கு 6 முதல் 7 மில்லிமீற்றரைத் தாண்டின் அவை தம் தளத்தை உயர்த்திக்கொள்ள இயலாது பின்தங்கும் என்று முடிவு கூறிற்று. முதலாம் நிபந்தனை உலகம் முழுவதன் கையிலும் உள்ளது. மற்றைய இரண்டும் பெரும்பாலும் எமது கையிலேயே உள்ளன. இவ்விரண்டையும் நாம் என்ன செய்திருக்கின்றோம் என்று நோக்குவோம்.

பின்வாங்கும் இடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். புத்தளம், சிலாபம் ஆகிய பகுதிகளின் களப்புகளைச் சூழ்ந்திருந்த கண்டற் காடுகளில் ஒரு பகுதி, 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காக அழிக்கப்பட்டது. 1990களில் வெண்புள்ளி நோய் பரவி இறால்கள் மடிய, பல குளங்கள் கைவிடப்பட்டன. காட்டை அழித்துப் பெற்ற இலாபம் சென்றுவிட்டது. அணைவரம்பு கட்டிய குழிகள் எஞ்சின. வேறிடங்களில் கரையோர வீதிகளும் மதில்களும் விடுதிகளும் உப்பளங்களும் சதுப்பின் முதுகுப்புறத்தே எழுந்துள்ளன. முன்னே கடலும் பின்னே மதிலுமாக இடையில் நெருக்குண்ட சதுப்பு நிலம் ஆண்டுக்காண்டு ஒடுங்கி, ஈற்றில் ஒன்றுமில்லாததாகிவிடும். இஃது இலங்கைக்கு மட்டும் உரிய அவலமன்று. மக்கள் நெருங்கி வாழும் கரைகள் பலவற்றிலும் இதுவே நிகழ்கின்றது.

இங்கேதான் அறத்தின் பார்வையில் நுணுக்கமான வேறுபாடு ஒன்றைக் காணவேண்டியுள்ளது. ஒரு வீட்டுக்கு ஒருவன் தீ வைக்கின்றான் என்று கொள்வோம். வேறொருவன் அவ்வீட்டின் பின்கதவுக்கு முன்னால் தன் மூட்டைகளை அடுக்கி வைத்துள்ளான். அவன் தீ வைக்கவில்லை. உள்ளிருப்போர்மீது அவனுக்குப் பகையுமில்லை. மூட்டை வைப்பதற்கு இடம் வேண்டியிருந்தது, வைத்தான். தீயைக் கண்ட பின்னரும் மூட்டைகளை அகற்ற மறுப்பானாயின் அவனை நிரபராதி என்று கூறுவோமா? கூறமாட்டோம். தீ வைத்தவன் செய்த குற்றம் பெரிதாயிருக்கலாம். ஆனால் அக்குற்றத்தின் பெருமை, மூட்டை வைத்தவனின் கடனைச் சிறிதாக்குவதில்லை. அவனுக்கு உரிய கடன் வேறு. அதனை அவனைத் தவிர வேறெவரும் நிறைவேற்ற முடியாது.

வள்ளுவர் கொல்லாமையைத் தனியொரு அதிகாரமாக வகுத்தார். வேலையோ வலையையோ கையில் எடுப்பவனை நோக்கி அவ்வறம் பேசும். கையில் ஒன்றையும் எடுக்காமலே உயிர்கள் அழியும்படி நாம் வாழக்கூடும் என்பதை அக்காலத்தவர் எதிர்நோக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எமது காலத்துக்குக் கொல்லாமை மட்டும் போதாது, வழியடைக்காமையும் வேண்டும். எந்த ஓர் உயிரையும் கொல்லாத தூய வாழ்க்கை வாழ்ந்துகொண்டே, அதன் வழியின் குறுக்கே வீடு கட்டிக் குடியிருத்தல் இன்று இயலும்.

இனி வண்டலைப் பற்றிக் கூறுவோம். இங்கேதான் பல்லேகலயும் கடலும் ஒன்றையொன்று தொடுகின்றன. கடல்மட்டத்துக்கு நானூறு மீற்றருக்கு மேல் உயரத்தில் வாழும் எம்மைக் கடலேற்றம் ஒருபோதும் தீண்டாது. ஆனால் எம் அயலில் ஓடும் மகாவலி, இந்நாட்டின் மிக நீண்ட ஆறாக 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேர்கின்றது. அவ்வாறு கழிமுகத்துக்குக் கொண்டுசென்ற மண்ணே அங்குள்ள தாழ்நிலங்களை ஆக்கியது. 1976இல் பொல்கொல்லவில் ஆறு மறிக்கப்பட்டு அதன் நீரில் ஒரு பகுதி சுரங்கவழியாக வடக்கே திருப்பப்பட்டது. 1980களில் 122 மீற்றர் உயரமான விக்ரோரியா அணையும் அதற்குக் கீழே ரந்தெனிகல, ரந்தம்பே அணைகளும் எழுந்தன. எமக்கு ஒளியும் வரண்ட வலயத்து வயல்களுக்கு நீரும் கிடைத்தன. இவை பெரும் நன்மைகளே. ஆயினும் அணை நீரை மட்டும் தேக்குவதில்லை, மண்ணையும் தேக்குகின்றது. மலைச்சாரலிலிருந்து கழுவுண்டு வரும் மண், எமக்கு நீர்த்தேக்கத்தைத் தூர்க்கும் தொல்லையாகவும், கழிமுகத்துக்கு வந்துசேராத உணவாகவும் ஆகின்றது. கண்டியில் விளக்கை ஏற்றுபவன் கொட்டியாரத்துக் கண்டலுக்கு அயலவனே. ஆற்றினால் இணைக்கப்பட்டோரைத் தூரம் பிரிப்பதில்லை.

இக்கருத்துக்கு எதிராக மூன்று தடைகள் எழுப்பப்படலாம். அவற்றை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

கடல் ஏறுவதும் உயிரினங்கள் அழிவதும் இயற்கையே. அதில் அறம் எங்கே வந்தது என்பது முதலாவது தடை. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது என்பதும், அக்காலத்தில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாக இணைந்திருந்தன என்பதும் உண்மையே. பின்னர் கடல் ஏறியபோது அழிந்த காடுகளுக்காக எவரையும் நாம் குற்றங் கூறுவதில்லை. ஆனால் மனிதர் எல்லோரும் இயல்பாக இறப்பவர் என்பது கொலைக்கு நியாயமாவதில்லை. மேலும், அன்று கடல் ஏறியபோது பின்னால் மதில் இருக்கவில்லை. இயற்கை வழியை அடைக்கவில்லை, நாமே அடைத்தோம்.

உலகின் பச்சைவீட்டு வாயுக்களில் இலங்கையின் பங்கு ஒரு வீதத்திலும் மிகக் குறைவு. செல்வ நாடுகள் செய்த பிழைக்கு நாம் ஏன் கழுவாய் தேடவேண்டும் என்பது இரண்டாவது தடை. செல்வ நாடுகளின் பொறுப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. அதனை உலக அரங்குகளில் வற்புறுத்திக் கேட்பது எமது உரிமையாகும். ஆனால் மேலே கூறிய உவமையை மறத்தல் ஆகாது. தீ வைத்தவர் பிறர். பின்கதவின் முன்னுள்ள மூட்டைகள் எம்முடையவை. சிலாபத்துக் கண்டலை வெட்டியவர் செல்வ நாட்டவர் அல்லர்.

மூன்றாவது தடையே மிக வலியது. வங்காலையிலும் மூதூரிலும் புத்தளத்திலும் ஏழை மக்கள் வாழ்கின்றனர். கடலேற்றத்தால் அவர்களின் கிணறுகளும் உவராகும், வயல்களும் உவராகும். அவர்கள் இடமின்றித் தவிக்கையில், நாரைக்கும் நண்டுக்கும் இடம் தேடுவது இரக்கமா, இரக்கத்தின் போலியா? இவ்வினாவைத் தட்டிக்கழிப்பவர் சூழலியல் பேசத் தகுதியற்றவர் என்பதே எமது துணிபு. மீனவனின் குடிசையை அகற்றிவிட்டு விடுதியின் மதிலை விட்டுவைக்கும் காப்புத் திட்டம் அறமாகாது.

இவ்விடத்தில் கண்டி மாவட்டத்தவர்க்கு நினைவூட்ட வேண்டியதொன்று உண்டு. நீர் ஏறி ஊர் மூழ்குவது என்பது கரையோரத்தவர்க்கு மட்டும் நேர்வதன்று. விக்ரோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரம் நீரினுள் மறைந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அதன் எச்சங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன. அங்கு வாழ்ந்தோர் இடம் பெயர்ந்தனர். அவ்விடப்பெயர்வு துயரமற்றதாக இருந்தது என்று எவரும் கூறார். எனினும் அன்று ஒரு கொள்கையை எல்லோரும் ஏற்றிருந்தனர்: எவருடைய இடத்தை நீர் கொள்கின்றதோ அவருக்குப் போவதற்கோர் இடம் காட்டப்படல் வேண்டும். அக்கொள்கை மனிதரிடத்தில் நியாயமானதாயின், தம் இடம் மூழ்கும் ஏனைய உயிர்களிடத்தில் அது திடீரென்று பொருளற்றதாகிவிடுமா? மீனவனின் இடமும் கண்டலின் இடமும் எதிரெதிரானவை என்று கொள்வதும் முழு உண்மையன்று. கண்டலின் வேர்களிடையே மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளர்கின்றன. கண்டல் அழிந்த களப்பில் வலையும் வெறுமையாகும். புயலலையின் வேகத்தையும் அது தணிக்கின்றது. கண்டல் பின்வாங்க இடம் பெற்றால், அதன் பின்னால் வாழும் மனிதனும் காக்கப்படுவான்.

ஆனால் பயனை மட்டும் காட்டி இவ்வறத்தை நிறுவுதல் போதுமா? மீன் தருகின்றது, அலையைத் தடுக்கின்றது என்பதற்காகக் கண்டலைக் காப்போமாயின், பயன் தராத உயிரை என் செய்வோம்? மெய்யியலாளர் இதற்குப் பலவாறு விடை கூறினர். விலங்குகளிடம் நாம் கொண்டுள்ள கடமைகள் மனிதரிடம் கொண்ட கடமைகளின் நிழலே என்று காந்ற் கருதினார். துன்பத்தை உணரும் ஆற்றலே கருத்திற் கொள்ளத்தக்கது என்று பெந்தாம் வாதித்தார். பெந்தாமின் வாதம் பூநாரையைக் காக்கும். துன்பம் உணராத கண்டலையும், ஓர் இனம் முழுவதையும், ஒரு களப்பையும் அது எவ்வாறு காக்கும்? 1949இல் வெளிவந்த நூலொன்றில் அமெரிக்கராகிய அல்டோ லியோபோல்ட், மண்ணும் நீரும் செடியும் விலங்கும் ஒரே சமுதாயத்தின் உறுப்பினர், மனிதன் அதன் ஆண்டான் அல்லன் என்று எழுதினார்.

இக்கருத்தை எம்மவர் மேனாட்டிலிருந்து கடன்பெறவேண்டிய தேவையில்லை. நெய்தல் நிலத்துப் பெண்ணொருத்தி, தான் விளையாட்டாக மணலில் அழுத்திய விதையிலிருந்து வளர்ந்த புன்னை மரத்தைத் தன் உடன்பிறந்தாள் எனத் தாய் கூறியதை நினைந்து, அம்மரத்தின் நிழலிலே காதலனோடு நகைத்துப் பேச நாணுவதாக நற்றிணைப் பாடல் ஒன்று அமைந்துள்ளது. அம்மரத்தால் என்ன பயன் என்று அவள் கேட்கவில்லை. உறவு என்றே ஏற்றாள். ஆகவே அதன் முன்னிலையில் எது தகும், எது தகாது என்ற எண்ணம் பிறந்தது. மிகிந்தலையில் மான் வேட்டையாடிக்கொண்டிருந்த தேவநம்பியதீச மன்னனைச் சந்தித்த மகிந்த தேரர், இந்நிலம் மக்களுக்கும் ஏனைய உயிர்கள் எல்லாவற்றுக்கும் உரியது, மன்னன் அதன் காவலன் மட்டுமே என்று அறிவுறுத்தியதாகப் பௌத்த மரபு கூறும். தன்யூப் ஆற்றின் அணைத்திட்டம் தொடர்பாக ஹங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் இடையே எழுந்த வழக்கிலே, சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசராயிருந்த இலங்கையர் கிறிஸ்ரோபர் வீரமந்திரி 1997இல் எழுதிய தனித் தீர்ப்புரையில் இவ்வறவுரையை எடுத்துக்காட்டினார். ஒரு மொழியில் உறவு, மறு மொழியில் காவல். இரண்டும் உடைமை என்னும் எண்ணத்தை மறுப்பதில் ஒன்றுபடுகின்றன. உடைமையாளன் தன் பொருளை அடைத்து வைக்கலாம். உறவினனும் காவலனும் அவ்வாறு செய்ய இயலாது.

உறவென்று எவரும் கருதாத உயிருக்கு நேர்வது யாது என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. அவுஸ்திரேலியாவின் வடக்கே, தொறெஸ் நீரிணையில் உள்ள பிறாம்பிள் கே என்னும் மிகச் சிறிய மணற்தீவில் மட்டும் எலி இனமொன்று வாழ்ந்தது. ஏறிய கடல்நீர் மீண்டும் மீண்டும் தீவின்மீது புரண்டு அதன் புல்பூண்டை அழித்தது. 2009இல் அவ்வெலி இறுதியாகக் காணப்பட்டது. பின்னர் தேடியும் கிடைக்கவில்லை. 2016இல் குயின்ஸ்லாந்து அரசும் 2019இல் அவுஸ்திரேலிய அரசும் அது முற்றாக அற்றுவிட்டதாக அறிவித்தன. மனிதரால் ஏற்பட்ட காலநிலை மாற்றத்தால் உலகிலிருந்து மறைந்த முதலாவது பாலூட்டி அதுவே எனக் கருதப்படுகின்றது. தீவு சிறிது, பின்வாங்க இடமில்லை. அவ்வெலியால் எவருக்கும் பயனுமில்லை. அது மறைந்ததால் எவருக்கும் இழப்புமில்லை. ஆயினும் இச்செய்தியைப் படிப்போர்க்கு ஏதோவொன்று தவறிவிட்டது என்று தோன்றுகின்றதே, அவ்வுணர்வே பயனுக்கு அப்பாற்பட்ட கடனொன்று உண்டு என்பதற்குச் சான்றாகும்.

கடன் உண்டு எனக் கண்டோம். அதனை எளிதில் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறாகும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரைகளில் கண்டல் நடும் ஆர்வம் பெருகியது. நல்லெண்ணம் உடைய பலர் சேற்றில் இறங்கி வரிசை வரிசையாகக் கன்றுகளை ஊன்றினர். இத்தகைய 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான நடுகையில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே வெற்றி கண்டது எனவும், 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை எனவும் காட்டிற்று. தகாத இடத்தில் தகாத இனத்தை நட்டமையும் நட்டபின் பேணாமையும் தோல்விக்குக் காரணங்களாயின. கண்டல் வளராத வெறுஞ் சேற்றில் நடுவது, உள்ளான்களின் உணவுத் தட்டின்மீதே வேலி போடுவதாகவும் முடியலாம்.

நல்லெண்ணத்தின் குருட்டுத்தன்மைக்கு இன்னொரு சான்று தெற்கே உண்டு. 1990இல் இலங்கை றாம்சார் உடன்படிக்கையில் இணைந்தபோது இந்நாட்டின் முதலாவது றாம்சார் சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது புந்தல. அதன் களப்புகளுக்குள் மேற்புற நீர்ப்பாசன வயல்களின் வடிநீர் வந்து சேர, உவர்த்தன்மை குறைந்தது. உவர்நீரின் சிற்றுயிர்களை உண்ட பூநாரைகளின் வருகையும் வெகுவாகக் குறைந்தது. வயலுக்கு நீர் கொடுத்தது அறமே. அந்நீர் எங்கே போய்ச் சேரும் என்று கேளாமை அறத்தின் குறைவு.

இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. கொடுப்பது எளிது; விலகி நிற்பது கடினம். கன்று நடுபவனின் பெயர் பலகையில் எழுதப்படும். மதிலைப் பின்னுக்கு எடுத்தவனுக்கு, கட்ட எண்ணிய விடுதியைக் கட்டாது விட்டவனுக்குப் பலகை ஏது? முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நாம் போற்றுகின்றோம். இன்றைய சதுப்பு நிலம் எம்மிடம் தேரைக் கேட்கவில்லை. தேரைச் சற்றுத் தள்ளி நிறுத்துமாறு மட்டுமே கேட்கின்றது. ஈகைக்கு வாழ்த்துப் பாடும் மரபு எம்மிடம் உண்டு; விலகலுக்கு வாழ்த்துப் பாடும் மரபை இனித்தான் ஆக்கவேண்டும்.

நடைமுறையில் இது பொருள்படுவது யாது? கைவிடப்பட்ட இறால் குளங்களின் வரம்புகளை உடைத்து வற்றுப்பெருக்கு மீண்டும் உட்புக விடலாம். அங்கே எவரும் குடியிருக்கவில்லை, எவரையும் அகற்றவேண்டியதுமில்லை. நீர் வந்துபோகத் தொடங்கின் கண்டல் தன் விதையைத் தானே கொண்டுவரும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயமாக வகுத்தது. ஆனால் மன்னாரைப் போன்ற தட்டையான கரையில், கடல் ஒரு முழம் உயர்ந்தால் அது உள்ளே பரவும் தூரம் இவ்வெல்லையை விஞ்சக்கூடும். எனவே இன்றைய கரையை மட்டும் அளக்காது, நாளைய கரை எங்கே இருக்கும் என்று அளந்து, அதன் பின்னுள்ள வெற்றுநிலத்தைப் பொதுநிலமாக ஒதுக்குதல் வேண்டும். அதனால் எவரேனும் நிலம் இழப்பின் அந்த இழப்பை ஏழைக் கரையோரத்தவன் அல்லன், அவன் இருக்கும் கரையால் நன்மை பெறும் நாடு முழுவதுமே ஏற்கவேண்டும். அணைகளின் மின்னொளியிற் படிக்கும் மலைநாட்டவராகிய எமக்கும் அதிற் பங்குண்டு. தேங்கிய வண்டலில் ஒரு பகுதியையேனும் ஆற்றோடு கீழே செல்லவிடும் வழிகளை ஆராயுமாறு கேட்பதும் எமது பங்கே. பொறியியலாளர் அதற்கு விடை காணட்டும். வினாவை எழுப்புவதற்குக் கலைப்பீட மாணவனுக்கும் தகுதியுண்டு.

சங்கச் சான்றோர் நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர். கடற்கரையில் நின்று பிரிந்தவனுக்காக ஏங்கும் துயரம் அது. ஆனால் அவ்விரங்கலினுள் ஒரு நம்பிக்கை மறைந்திருந்தது: பிரிந்தவன் திரும்பி வருவான், வரும்போது கழியும் கானலும் தாழையும் புன்னையும் அங்கேயே இருக்கும். எம் தலைமுறையின் இரங்கலுக்கு அந்த ஆறுதல் உறுதியன்று. வலசை சென்ற பறவை திரும்பி வரும். அது இறங்குவதற்குச் சேறு இருக்குமா என்பதே வினா. அழிந்தபின் இரங்குவதற்கு எவருக்கும் கல்வி வேண்டியதில்லை. அழியுமுன் சற்றே விலகி நிற்பதற்கே அறிவும் அறமும் வேண்டும். கடலை நாம் தடுக்க இயலாதிருக்கலாம். வழியை விடுதல் இன்றும் எம்மால் இயலும்.